கவிஞரின் மகள் கண்ட கணக்கு யந்திரம்

இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகருக்குப் பக்கத்தில் ஹக்னால் என்று ஒரு சிற்றூர். அங்கே பழைய மாதா கோவில் ஒன்று இருக்கிறது.

அந்தக் கோவிலுக்கு அடியில் உள்ள கல்லறையில் இரண்டு சவப்பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டன. ஒன்று தந்தையுடையது. மற்றொன்று மகளுடையது.

தந்தை இறந்தபோது அவருக்கு வயது 36. மகள் இறந்தபோது அவருக்கும் வயது 36.

உயிரோடு இருந்த காலத்தில் மகள் தந்தையின் முகத்தைக் கண்டு பேசியது இல்லை. தந்தை மகளைத் தூக்கி வளர்த்ததும் இல்லை. சாவுதான் இருவரையும் ஒன்று சேர்த்தது.

தந்தையின் பெயர் பைரன் பிரபு. உலகப் புகழ் பெற்ற கவிஞர்.

மகளின் பெயர் அடா. கட்டி முடிக்கப்படாத ஒரு யந்திரத்துக்கு எப்படி வேலை சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்தவர். அவர் எழுதிய காலத்தில் அதைப் புரிந்து கொண்டவர்கள் மிகச் சிலர். இன்று கம்ப்யூட்டரின் கதையைச் சொல்ல வருகிறவர்கள் அவர் பெயரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

அந்தச் சீமாட்டியின் கதை இது.

ஒரு மாதக் குழந்தை

1815-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி லண்டன் நகரில் அடா பிறந்தாள்.

பைரன் பிரபு அப்போது புகழின் உச்சியில் இருந்தார். அவர் கவிதைப் புத்தகம் வெளிவந்தால் கடைகளில் கூட்டம் நெரியும். ஆனால் வீட்டில் நிம்மதி இல்லை. கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். கோபமும் குடியும் அவரை ஆட்டி வைத்தன.

அவருடைய மனைவி அனபெல்லா பணக்கார வீட்டுப் பெண். படித்தவர். கணிதத்தில் ஆசை மிகுந்தவர். எதையும் அளந்து பார்த்து நடப்பவர். காற்றும் பாறையும் போல இருவர் குணமும் வேறு வேறு.

குழந்தை பிறந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. குளிர் மிகுந்த ஜனவரி மாதம். ஒருநாள் விடியும் முன்னரே அனபெல்லா குழந்தையை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். பிறகு கணவரிடம் திரும்பவே இல்லை.

அந்த நாளில் இங்கிலாந்துச் சட்டப்படி குழந்தை தந்தைக்கே சொந்தம். பைரன் கேட்டிருந்தால் குழந்தையை வாங்கியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. 1816-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். சில நாளில் கப்பல் ஏறினார். தாய்நாட்டை அவர் மறுபடியும் பார்க்கவில்லை.

மகளை அவர் மறக்கவும் இல்லை. தம்முடைய கவிதையில் அவளை நினைத்துப் பாடினார். கிரேக்க நாட்டின் விடுதலைப் போருக்கு உதவப் போனவர், 1824-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி அங்கே காய்ச்சலில் இறந்தார். உடல் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது. ஹக்னால் கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

அப்போது அடாவுக்கு வயது 8.

கணக்கே மருந்து

தாய்க்கு ஒரே பயம். தந்தையின் குணம் மகளுக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம்.

கவிதையும் கற்பனையும்தான் கணவரைக் கெடுத்தன என்று அனபெல்லா நம்பினார். அதற்கு மாற்று மருந்து கணிதம் என்று முடிவு கட்டினார். சின்ன வயதிலேயே அடாவுக்கு ஆசிரியர்கள் வந்தார்கள். கணக்கு, விஞ்ஞானம், சங்கீதம், பிரெஞ்சு மொழி எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள்.

பைரனின் பெரிய படம் ஒன்று பாட்டி வீட்டில் இருந்தது. அதைத் திரை போட்டு மூடி வைத்திருந்தார்கள். வளர்ந்து பெரியவள் ஆகும் வரை மகளுக்கு அந்தப் படத்தைக் காட்டவில்லை.

ஆனால் திரை போட்டு மூடினால் ரத்தம் மாறிவிடுமா?

12 வயதில் அடாவுக்கு ஓர் ஆசை பிறந்தது. பறக்க வேண்டும்! பறவையின் உடம்பு எத்தனை கனம், இறக்கை எத்தனை நீளம் என்று ஆராய்ந்தாள். காகிதம், பட்டு, கம்பி, இறகு இவற்றில் எது இறக்கை செய்ய ஏற்றது என்று யோசித்தாள். நீராவியால் ஓடும் யந்திரத்தைக் குதிரை போன்ற ஓர் உருவத்துக்குள் வைத்துப் பறக்க விடலாம் என்று தாய்க்குக் கடிதம் எழுதினாள்.

தாய்க்கு மகிழ்ச்சி இல்லை. பாடத்தைக் கவனி என்றுதான் பதில் வந்தது.

அடாவின் ஆசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். வானத்தில் பறப்பது தந்தையின் கற்பனை. இறக்கையை அளந்து பார்ப்பது தாயின் கணக்கு. இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்திருந்தன.

1829-ம் ஆண்டு அம்மை நோய் வந்தது. கால்கள் செயல் இழந்தன. மாதக் கணக்கில் படுத்த படுக்கை. பிறகு ஊன்றுகோல் பிடித்து நடந்தாள். இந்தத் துன்பத்திலும் புத்தகத்தை அவள் கீழே வைக்கவில்லை.

பாபேஜ் வீட்டில்

1833-ம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு விருந்தில் 17 வயதுப் பெண்ணான அடா, சார்ல்ஸ் பாபேஜ் என்ற கணித மேதையைச் சந்தித்தாள். அவருக்கு வயது 41. மனைவியை இழந்தவர். லண்டனில் பெரிய மனிதர்கள் அவர் வீட்டுக்குப் போவதைப் பெருமையாக நினைத்தார்கள். அங்கே ஓர் அதிசய யந்திரம் இருந்தது.

அந்தக் காலத்தில் கப்பல் ஓட்டுகிறவர்களும், கட்டடம் கட்டுகிறவர்களும், வட்டிக் கணக்குப் பார்க்கிறவர்களும் அச்சிட்ட கணக்கு அட்டவணைகளையே நம்பியிருந்தார்கள். அவற்றை மனிதர்கள் உட்கார்ந்து கையால் போட்டார்கள். ஓர் இடத்தில் ஓர் எண் தவறினால் போதும். அதை நம்பிப் போகும் கப்பல் திசை தவறிவிடும்.

இந்தக் கணக்கை நீராவியைக் கொண்டு போட முடியாதா என்று பாபேஜ் ஏங்கினார். பல் சக்கரங்களை அடுக்கி ஒரு யந்திரத்துக்குத் திட்டம் போட்டார். அரசாங்கம் பணம் கொடுத்தது. 17,000 பவுனுக்கு மேல் செலவாயிற்று. ஆனாலும் யந்திரத்தின் ஒரு சிறு பகுதிதான் முடிந்தது. அந்தப் பகுதியைத்தான் அவர் வீட்டில் வைத்து விருந்தினருக்குக் காட்டி வந்தார்.

வந்தவர்கள் பித்தளைச் சக்கரங்கள் சுழல்வதை வேடிக்கை பார்த்தார்கள். வியந்தார்கள். வீட்டுக்குப் போனார்கள்.

தாயோடு போன அடா வேடிக்கை பார்க்கவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தாள். சக்கரம் சுழல்வதற்குப் பின்னால் இருந்த கணக்கு அவளுக்குப் புரிந்தது. யந்திரத்தின் படங்களைக் கேட்டு வாங்கிப் படித்தாள்.

பாபேஜுக்கும் அடாவுக்கும் அன்று ஏற்பட்ட நட்பு கடைசி வரை நிலைத்தது.

தறியும் அட்டையும்

1834-ம் ஆண்டு பாபேஜின் மனத்தில் இன்னும் பெரிய யந்திரம் ஒன்று உருவாயிற்று. முதல் யந்திரம் ஒரே வகைக் கணக்கைத்தான் போடும். புதிய யந்திரம் எந்தக் கணக்கையும் போடும்!

அதற்கு இரண்டு பகுதிகள். ஒன்று, எண்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம். மற்றொன்று, அந்த எண்களை வாங்கிக் கூட்டிக் கழித்துப் பெருக்கி வகுக்கும் ஆலை. நெல்லைக் களஞ்சியத்தில் வைத்து, வேண்டும்போது எடுத்து ஆலையில் அரைப்பது போலத்தான்.

யந்திரத்துக்கு வேலை சொல்வது எப்படி? அதற்கு பாபேஜ் தறியைப் பார்த்தார்.

பிரான்ஸ் தேசத்தில் ஜக்கார்ட் என்பவர் புதுவகைத் தறி ஒன்றைச் செய்திருந்தார். கெட்டியான அட்டைகளில் துளை போட்டு, அவற்றை வரிசையாகக் கோத்துத் தறியில் மாட்டுவார்கள். எந்த இழை மேலே எழ வேண்டும், எந்த இழை கீழே நிற்க வேண்டும் என்பதைத் துளைகள் சொல்லும். அட்டையை மாற்றினால் பூ மாறும். அட்டையை மாற்றினால் இலை மாறும். தறி அதே தறிதான்.

காஞ்சிபுரத்துப் பட்டின் ஜரிகைக் கரையில் மயிலும் அன்னமும் வருவதற்கும் இந்த அட்டைகள் உதவுகின்றன. அது தமிழ் நாட்டு நெசவாளர்களுக்குப் பழகிய சங்கதி.

ஜக்கார்டின் உருவத்தையே இந்தத் தறியில் பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறக்குறைய 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. அந்தப் பட்டுப் படம் ஒன்றை பாபேஜ் பத்திரமாக வைத்திருந்தார்.

அடாவும் தாயோடு தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தபோது அந்தத் தறியை நேரில் கண்டாள். அது அவள் மனத்தில் பதிந்துவிட்டது.

1835-ம் ஆண்டு ஜூலை மாதம் வில்லியம் கிங் என்ற பிரபுவுடன் அடாவுக்குத் திருமணம் நடந்தது. மூன்று ஆண்டு கழித்துக் கணவருக்கு லவ்லேஸ் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அடா, லவ்லேஸ் சீமாட்டி ஆனார். இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு பெண் குழந்தையும் பிறந்தனர். மூத்த மகனுக்கு அவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? பைரன்!

மதுரையில் பிறந்த ஆசிரியர்

பிள்ளைகள் பிறந்த பிறகும் அடாவுக்குக் கணித ஆசை தணியவில்லை. 1840-ம் ஆண்டு புதிய ஆசிரியர் ஒருவர் கிடைத்தார். அவர் பெயர் அகஸ்டஸ் டி மார்கன். லண்டனில் கணிதப் பேராசிரியர்.

இந்த டி மார்கன் பிறந்த ஊர் நம் மதுரை. அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. 1806-ம் ஆண்டு மதுரையில் பிறந்த குழந்தை, சில மாதங்களில் பெற்றோரோடு இங்கிலாந்துக்குப் போயிற்று. குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. மீதி இருந்த ஒரு கண்ணாலேயே படித்துப் பேராசிரியரானவர் அவர்.

கணிதக் குறிகளைப் பற்றி டி மார்கன் ஆழ்ந்து சிந்தித்தவர். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் எண்களோடு மட்டும் கட்டப்பட்டவையா, அல்லது அவற்றுக்கு வேறு பொருளும் கொடுக்கலாமா என்பது அந்தக் காலத்து அறிஞர்களின் பெரிய விவாதம். அடா அவரிடம் கடிதம் மூலம் பாடம் கற்றார். புரியாததை விடாமல் கேட்டார். ஒரு குறிக்கு என்ன பொருள், ஏன் அந்தப் பொருள் என்று துருவித் துருவிக் கேட்டார்.

அந்தப் பழக்கம் சீக்கிரத்தில் உதவிக்கு வந்தது.

ஏழு குறிப்புகள்

1840-ம் ஆண்டு இத்தாலியில் டூரின் நகருக்குப் போன பாபேஜ், தம் புதிய யந்திரத்தைப் பற்றி அறிஞர்களுக்கு விளக்கினார். அதைக் கேட்ட மெனபிரியா என்ற இளம் எஞ்சினியர் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை எழுதி 1842-ல் வெளியிட்டார். பின்னாளில் இத்தாலியின் பிரதம மந்திரியாக ஆனவர் இவர்தான்.

அடா அந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதைப் பார்த்த பாபேஜ், மொழிபெயர்ப்பதற்குப் பதிலாகச் சொந்தமாகவே எழுதியிருக்கலாமே என்றார். அப்படி ஓர் எண்ணமே தமக்கு வரவில்லை என்றார் அடா. அப்படியானால் குறிப்புகளாவது சேர்க்கலாமே என்று பாபேஜ் யோசனை சொன்னார்.

அடா எழுத உட்கார்ந்தார். 1843-ம் ஆண்டின் முதல் பாதி முழுவதும் அதே வேலை. பாபேஜுக்கும் அவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. உடம்பு சரியில்லாத நாட்களிலும் பேனாவை வைக்கவில்லை.

கடைசியில் ஏழு குறிப்புகள் சேர்ந்தன. மூலக் கட்டுரையைவிடக் குறிப்புகள் ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம்! வாலைவிடத் தலை சிறுத்துப் போயிற்று.

அந்தக் காலத்தில் ஒரு பிரபுவின் மனைவி விஞ்ஞானக் கட்டுரையில் முழுப் பெயரைப் போடுவது வழக்கம் இல்லை. மூன்று எழுத்துக்களை மட்டும் கையெழுத்தாகப் போட்டார் அடா.

ஏழாவது குறிப்பில் ஒரு பெரிய அட்டவணை இருக்கிறது. பெர்னூலி எண்கள் என்று ஒரு வகை எண்கள் உண்டு. 1, 2, 3 என்று போகும் எண்களின் வர்க்கங்களையும் கனங்களையும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளையும் கூட்டித் தொகை காண இவை உதவும். இவற்றைக் கண்டுபிடிப்பது மிகவும் சிக்கலான வேலை.

யந்திரம் அதை எப்படிச் செய்யும்? முதலில் எந்த எண்ணை எடுக்க வேண்டும், எதோடு பெருக்க வேண்டும், விடையை எங்கே வைக்க வேண்டும் என்று படிப்படியாக எழுதினார். 25 படிகள். நடுவில் சில படிகளைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு.

இதைத்தான் உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலர் சொல்கிறார்கள். பாபேஜும் அதற்கு முன்பே இப்படிச் சில கணக்குகளை எழுதிப் பார்த்திருக்கிறார். ஆகவே முதல் என்ற பட்டம் யாருக்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே வாதம் உண்டு. பெர்னூலி எண்களுக்கான கணித வேலையைத் தாம் செய்து கொடுத்ததாகவும், அதில் இருந்த பெரிய தவறு ஒன்றை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் பாபேஜே பின்னாளில் எழுதினார்.

அச்சில் வந்த அட்டவணையிலும் ஒரு பிழை உண்டு. நான்காவது படியில், வகுக்க வேண்டிய எண்ணும் வகுபடும் எண்ணும் இடம் மாறிவிட்டன. முதல் புரோகிராமிலேயே முதல் பிழையும் பிறந்துவிட்டது!

செயல் வேறு, பொருள் வேறு

அட்டவணையைவிடப் பெரிய சங்கதி ஒன்று முதல் குறிப்பில் இருக்கிறது. அதைப் புரிந்து கொண்டால்தான் அடாவின் பெருமை புரியும்.

செயல் வேறு, செயலுக்கு ஆளாகும் பொருள் வேறு. இதுதான் அவர் கண்ட உண்மை.

சமையலறையைப் பாருங்கள். அரை என்பது ஒரு செயல். அரிசியை அரைத்தால் மாவு. தேங்காயை அரைத்தால் சட்னி. மஞ்சளை அரைத்தால் விழுது. அரை என்ற சொல் ஒன்றே. பொருள் மாறினால் பலன் மாறுகிறது.

கணிதத்தில் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன என்று அடா எடுத்துக் காட்டினார். 5 என்று எழுதி அதன் தலைமேல் சிறிதாக 2 என்று போடுகிறோம். அந்த 2 ஓர் எண்ணா? இல்லை. 5-ஐ அதே 5-ஆல் பெருக்கு என்ற கட்டளை. எண்ணின் உருவத்தில் வந்து நிற்கும் கட்டளை!

மனிதன் பழக்கத்தால் புரிந்து கொள்வான். யந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே பாபேஜின் யந்திரத்தில் இரண்டுக்கும் தனித்தனி அட்டைகள் இருப்பதை அவர் பெரிதாகப் பாராட்டினார். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு வகை அட்டை. எந்த எண்ணை எடுத்துச் செய்ய வேண்டும், விடையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல மற்றொரு வகை அட்டை.

அடா அதோடு நிற்கவில்லை. செயல் தனி என்றால், அதற்கு ஆளாகும் பொருள் எண்ணாகவே இருக்க வேண்டுமா? ஒன்றுக்கொன்று உள்ள உறவை விதிகளால் சொல்லக் கூடிய எதுவாகவும் இருக்கலாமே! சங்கீதத்தின் சுரங்களை அப்படி விதிகளில் அடக்க முடிந்தால், யந்திரம் பாட்டுக்கு மெட்டுக்கூடக் கட்டும் என்றார். ஜக்கார்டின் தறி பூவும் இலையும் நெய்வது போல, இந்த யந்திரம் கணிதக் கோலங்களை நெய்யும் என்றார்.

பாபேஜ் தம் யந்திரத்தில் எண்களைக் கண்டார். அடா எண்களுக்கு அப்பால் கண்டார்.

கூடவே எச்சரிக்கையும் செய்தார். யந்திரம் தானாக எதையும் படைக்காது. நாம் எதைச் செய்யச் சொல்லத் தெரிந்திருக்கிறோமோ அதைத்தான் செய்யும். இந்தக் கருத்தை 1950-ம் ஆண்டு ஆலன் டூரிங் என்ற மேதை எடுத்து ஆராய்ந்தார். யந்திரம் சிந்திக்குமா என்ற வாதம் இன்று வரை ஓயவில்லை.

சறுக்கிய கால்

குறிப்புகள் அச்சேறும் நேரத்தில் ஒரு சண்டை வந்தது. அரசாங்கம் தம்மைக் கைவிட்டுவிட்டது என்று பாபேஜுக்குக் கடும் கோபம். தாக்கி ஒரு முன்னுரை எழுதி, பெயர் போடாமல் கட்டுரையோடு சேர்க்கப் பார்த்தார். அடா சம்மதிக்கவில்லை. கட்டுரையையே திரும்பப் பெற்றுக் கொள்ளச் சொன்னார் பாபேஜ். அதற்கும் அடா இணங்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கட்டுரையை வெளியிட்டார்.

பிறகு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். யந்திரம் கட்டும் காரியத்தில் பணம் திரட்டுவதையும் பெரிய மனிதர்களிடம் பேசுவதையும் தம்மிடம் விட்டுவிடும்படி கேட்டார். பாபேஜ் மறுத்துவிட்டார்.

அன்று அவர் ஒப்புக் கொண்டிருந்தால் யந்திரம் எழுந்திருக்குமோ என்னவோ! நட்பு மட்டும் பிழைத்தது. யந்திரம் காகிதத்திலேயே நின்றது.

அடாவுக்குச் செய்யத் தக்க பெரிய வேலை கிடைக்கவில்லை. கல்லூரியில் சேர வழி இல்லை. பெண்களுக்கு விஞ்ஞானச் சங்கங்களில் இடம் இல்லை. ஓடிக் கொண்டிருந்த மனம் வேறு பக்கம் திரும்பியது.

குதிரைப் பந்தயம்!

பந்தயத்தில் எண்கள் உண்டு. ஆனால் அந்த எண்கள் யாருக்கும் கட்டுப்படுவதில்லை. 1851-ம் ஆண்டு டெர்பி பந்தயத்தில் மட்டும் 3,200 பவுன் தோற்றார். அந்தக் காலத்தில் அது ஒரு பெரிய சொத்து. கடன் ஏறியது. கணவர் குடும்பத்து வைர நகைகளைக் கணவருக்குத் தெரியாமல் அடகு வைத்தார். விஷயம் தெரிந்த தாய் மீட்டுக் கொடுத்தார். மறுபடியும் அதே நகை அடகுக் கடைக்குப் போயிற்று.

கணிதம் என்ற மருந்தைத் தாய் எவ்வளவோ ஊட்டினார். தந்தையின் கடன் நோய் மகளையும் விடவில்லை.

கடைசி நாட்கள்

இதற்குள் உடம்பில் வேறொரு நோய் வேர்விட்டிருந்தது. கருப்பையில் புற்றுநோய். அந்தக் காலத்தில் அதற்கு மருந்து இல்லை. வலியைக் குறைக்க அபின் கலந்த மருந்து கொடுத்தார்கள்.

1852-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புகழ் பெற்ற நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் அவரைப் பார்க்க வந்தார். தம் நாவல் ஒன்றில் ஒரு சிறுவன் இறக்கும் கட்டத்தை அவர் விருப்பப்படி படித்துக் காட்டினார். அதே மாதக் கடைசியில் அடா தம் கணவரிடம் ஏதோ ஓர் உண்மையைச் சொன்னார். கேட்ட கணவர் படுக்கை அருகே இருந்து எழுந்து போய்விட்டார்.

தாய் வந்து பக்கத்தில் அமர்ந்தார். வீட்டின் அதிகாரம் முழுவதும் தாயின் கைக்குப் போயிற்று. பழைய நண்பரான பாபேஜுக்குக்கூட வாசற்கதவு அடைபட்டது.

1852-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி அடாவின் உயிர் பிரிந்தது.

அவருக்கு ஒரே ஒரு விருப்பம் இருந்தது. தந்தையின் பக்கத்தில் தம்மைப் புதைக்க வேண்டும்! 1850-ம் ஆண்டு தந்தையின் பூர்வீக மாளிகையைப் போய்ப் பார்த்து வந்தது முதல் அந்த எண்ணம் அவர் மனத்தில் ஊறியிருந்தது. எந்தத் தந்தையின் படத்தைத் திரை போட்டு மறைத்தார்களோ, அந்தத் தந்தையின் பக்கத்திலேயே மகளைக் கொண்டுபோய் வைத்தார்கள்.

நூறு ஆண்டுக்குப் பிறகு

பாபேஜ் 1871-ம் ஆண்டு இறந்தார். அவர் யந்திரத்தை உலகம் மறந்தது. அடாவின் குறிப்புகளும் தூசி படிந்து கிடந்தன.

கம்ப்யூட்டர்கள் பிறந்த பிறகுதான் பழைய குறிப்புகளுக்கு மறுவாழ்வு வந்தது. 1953-ம் ஆண்டு கம்ப்யூட்டர்களைப் பற்றி வெளியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் அவற்றை மறுபடியும் அச்சிட்டார்கள். 1991-ம் ஆண்டு லண்டன் விஞ்ஞானக் காட்சிச் சாலையில், பாபேஜ் வரைந்து வைத்த படங்களைக் கொண்டே அவருடைய கணக்கு யந்திரங்களில் ஒன்றைக் கட்டினார்கள். அது சரியாகக் கணக்குப் போட்டது.

அமெரிக்க ராணுவ இலாகா தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியபோது அதற்கு அடா என்று பெயர் வைத்தது. அந்த மொழியின் விதிப் புத்தகத்துக்கு அனுமதி கிடைத்த நாள் 1980-ம் ஆண்டு டிசம்பர் 10. அடாவின் பிறந்த நாள்! புத்தகத்துக்குக் கொடுத்த எண் 1815. அவர் பிறந்த ஆண்டு!

இன்னும் ஒரு பொருத்தம் உண்டு. அந்த மொழியில் கூட்டல் குறிக்குப் புதிய பொருள் கொடுக்கலாம். எண்களுக்கு ஒரு விதி. நாமே படைத்த புதுவகைப் பொருளுக்கு வேறொரு விதி. குறி ஒன்றே.

இன்றைய கம்ப்யூட்டர் மொழிகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. 1991-ல் வெளிவந்த பைத்தான் மொழியில் 2-க்கும் 3-க்கும் நடுவே கூட்டல் குறி போட்டால் 5 வரும். பூ என்ற சொல்லுக்கும் மாலை என்ற சொல்லுக்கும் நடுவே அதே குறியைப் போட்டால் பூமாலை வரும்!

கம்ப்யூட்டருக்கு இது எப்படித் தெரிகிறது? ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் இனம் உண்டு. அந்த இனத்தின் விதிப் பட்டியலில், கூட்டல் குறி வந்தால் இதைச் செய், சமக் குறி வந்தால் இதைச் செய் என்று எழுதி வைத்திருப்பார்கள். இவற்றுக்குச் சிறப்புச் செயல்முறைகள் என்று பெயர். அடையாளத்துக்காக அவற்றின் பெயருக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் போட்டிருக்கும்.

குறியைக் கண்டதும் கம்ப்யூட்டர் இனத்தின் பட்டியலைத்தான் புரட்டும். தனி ஒரு பொருளின் மடியில் வேறு விதியைச் செருகி வைத்தால் அதைப் பாராது. பஸ் கண்டக்டர் கட்டணப் பட்டியலைப் பார்த்துத்தான் டிக்கெட் கிழிப்பார். பிரயாணி தானே எழுதிச் சட்டைப் பையில் கொண்டு வந்த கட்டணத்தைப் பார்ப்பாரா? அது போலத்தான்.

பல விதிகளையும் பெயர்களையும் ஒன்றாகக் கட்டி வைக்கும் மூட்டைக்கு மாட்யூல் என்று பெயர். அதற்கும் முதலில் இதே சட்டம்தான். 2018-ம் ஆண்டு ஒரு சலுகை கொடுத்தார்கள். மூட்டையில் இல்லாத பெயரை யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற விதியை அந்த மூட்டைக்குள்ளேயே எழுதி வைக்கலாம் என்றார்கள்.

இதையெல்லாம் அடா கண்டதில்லை. மின்சாரத்தில் ஓடும் கம்ப்யூட்டரை அவர் கனவிலும் பார்த்ததில்லை. ஆனால் செயலையும் பொருளையும் பிரித்து வை. ஒரே குறி இடத்துக்கு இடம் பொருள் மாறினால் அதற்குத் தனி ஏற்பாடு செய் என்ற பாடம் 1843-ம் ஆண்டிலேயே அவர் எழுத்தில் இருக்கிறது.

தாய் கணக்கைக் கொடுத்தார். தந்தை கற்பனையைக் கொடுத்தார். கணக்கு மட்டும் இருந்திருந்தால் அடா ஒரு நல்ல மாணவியாக மறைந்திருப்பார். கற்பனை மட்டும் இருந்திருந்தால் பறக்கும் குதிரையோடு கதை முடிந்திருக்கும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அந்த ஏழு குறிப்புகள் பிறந்தன.

ஹக்னால் கோவிலில் கவிதையும் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் உறங்குகின்றன.